மேல்தளத்து வார்டும் மே மாத வெயிலும்

(கோடையில் கைக்குழந்தைகளைக் காப்பது பற்றி, இளம் பெற்றோருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெயிலால் ஒருவர் இறந்தார் என்றதும் கண்முன் வருவது தார்ச்சாலையில் சுருண்டு விழுந்த கூலித் தொழிலாளி, இல்லையென்றால் வயல் வரப்பில் மயங்கிய முதியவர். 2010 மே மாதம் அகமதாபாத் நகரம் வெந்துகொண்டிருந்தபோது வெயில் முகத்தில் படாத ஒரு கூட்டமும் வெப்பத்திடம் சிக்கியது. பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள் அவர்கள்.

அந்த மே 21-ஆம் தேதி அங்கே வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். நகரின் ஒரு பொது மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்தளத்தில் இருந்தது. பகல் முழுக்கக் காய்ந்த கூரை, இரவிலும் அந்த வார்டுக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருக்கும். காய்ச்சலும் நீரிழப்புமாகச் சிசுக்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போயின. அந்த மருத்துவமனையின் பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2014-இல் வெளியானது. வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும், வெப்ப பாதிப்போடு அந்தப் பிரிவில் சேர்க்கப்பட்ட சிசுக்களின் எண்ணிக்கை 43 சதவீதம் கூடியிருந்தது.

பிறகு வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் சேர்க்கப்படும் சிசுக்களின் எண்ணிக்கை குறைந்தது. புது மருந்து வரவில்லை. கட்டில்கள் மாடியிறங்கின, அவ்வளவுதான். 2013-இல் அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் திலீப் மாவலங்கர் போன்றோரின் துணையோடு, தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது.

இன்றைய பேச்சு முழுவதும் அந்த வார்டு சொல்லும் ஒரே செய்தியைப் பற்றியதுதான். கைக்குழந்தையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. அதைச் சுற்றியிருக்கும் துணி, அறை, கூரை, வண்டி ஆகியவற்றை மாற்றுவது பெரியவர்களின் வேலை. குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்று தேடுவதைவிட, அதன்மேல் என்னவெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது.

மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் தோலை விரித்தால் சுமார் 0.2 சதுர மீட்டர் வரும். அறுபது கிலோ எடையுள்ள தாய்க்குச் சுமார் 1.6 சதுர மீட்டர். கிலோவுக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பார்த்தால், சிசுவுக்குத் தாயைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம். குளிரில் இதனால்தான் அது சீக்கிரம் விறைத்துப்போகிறது. சுற்றிலும் உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது அதே தோல் வழியாக வெப்பம் உள்ளே ஏறுகிறது. வியர்வைச் சுரப்பிகள் பிறக்கும்போதே இருக்கின்றன. ஆனால் பெரியவர்களுடையதைப் போல வேலை செய்யப் பழகியிருப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடக்க நாட்களில் வியர்ப்பதே அரிது. ஆகவே, ‘பிள்ளைக்கு வேர்க்கவே இல்லையே, அப்புறம் என்ன சூடு?’ என்று கேட்பது தவறான கணக்கு. இன்னொன்று, சிசுவின் உடல் பரப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தலை. அந்தத் தலையில் கம்பளிக் குல்லா போட்டால், வெப்பம் வெளியேற இருக்கும் பெரிய வழியை அடைத்துவிடுகிறோம்.

இங்கே பாட்டிமார்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமாகாது. பிறந்த முதல் சில மணி நேரத்தில், அதுவும் எடை குறைந்த, குறைமாதக் குழந்தைக்கு, குளிர் உண்மையிலேயே உயிர்க்கொல்லி. உலக சுகாதார நிறுவனம் சிசுவைக் கதகதப்பாக வைக்கச் சொல்வதும், தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை வற்புறுத்துவதும் அதனால்தான். பாட்டி கற்ற பாடம் அந்தக் குளிரிலிருந்து வந்தது. அந்தப் பாடத்தை மே மாதத்து வேலூருக்கோ திருத்தணிக்கோ அப்படியே கொண்டுபோகும்போதுதான் சிக்கல். சன்னல் சாத்திய அறை. வாசலில் திரை. மின்விசிறி நிறுத்தப்பட்டிருக்கும். கட்டிலில் குல்லா, சாக்ஸ், கையுறை, சட்டை, அதன்மேல் துண்டு, அதற்கும் மேல் சரிகை வைத்த போர்வை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முந்தானையால் விசிறிக்கொள்கிறார்கள். குழந்தை மட்டும் பொட்டலமாகக் கட்டப்பட்டுக் கிடக்கிறது. முகம் சிவந்து சிணுங்கினால் ‘பசி’ என்கிறார்கள். சிணுங்கலை நிறுத்தினால் ‘நல்லா தூங்குது’ என்கிறார்கள்.

இதைச் சோதிக்கச் செவிலியர்கள் சொல்லித்தரும் எளிய வழி ஒன்று உண்டு. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, புறங்கையால் முதலில் குழந்தையின் வயிற்றையும் பிறகு உள்ளங்காலையும் தொட வேண்டும். உள்ளங்கை வேண்டாம். வயிறும் காலும் ஒரேபோல இளஞ்சூடாக இருந்தால் பிள்ளை சுகமாக இருக்கிறது. வயிறு இளஞ்சூடாகவும் கால் சில்லென்றும் இருந்தால் இன்னொரு துணி போடலாம். இரண்டுமே கொதித்து, முகம் சிவந்து, கை கால்களைப் பரப்பிக்கொண்டு சோர்ந்து கிடந்தால், துணியை உடனே கழற்ற வேண்டும். பிடரியில் விரல் வைத்தால் ஈரமாக ஒட்டுவதும் அதே செய்திதான். ஐந்து நொடி போதும். சந்தேகமாக இருந்தால் அக்குளில் தெர்மாமீட்டர் வைக்கலாம். 36.5 முதல் 37.5 டிகிரி வரை இயல்பு.

கோடையில் நிறைமாதக் குழந்தைக்கு ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். நல்ல புழுக்கத்தில் இடுப்புத் துணி மட்டும் போதும். புதுத் துணியைவிடப் பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணி நல்லது. உடலோடு ஒட்டாமல் காற்றைவிடும். பாலியஸ்டர் கவுனும் அதன் ஓரத்துச் சரிகையும் படம் எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இருந்தால் போதாதா?

தூளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவின் பழைய நூல் சேலையில் கட்டிய தூளி, காற்று நுழையும் அழகான படுக்கை. அதே தூளியை நைலக்ஸ் சேலையில் கட்டினாலோ, தகரக் கூரைக்கு அடியில் காற்றே வராத மூலையில் தொங்கவிட்டாலோ அதற்குள் சூடு தங்கிவிடும். விளிம்புகள் குழந்தையின் முகத்துக்கு மேலே சேர்ந்து மூடிக்கொண்டாலும் அப்படித்தான். அத்துடன், சின்னஞ்சிறு குழந்தை தூளியின் வளைவில் தாடை நெஞ்சில் படும்படி சுருண்டால் மூச்சுக்கும் இடைஞ்சல். நீண்ட தூக்கத்துக்குச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. தூளி கட்டுவதென்றால் சன்னலுக்கும் கதவுக்கும் நடுவே, காற்று ஓடும் வழியில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது கட்டலாம்.

மின்விசிறிக் காற்று பட்டால் சளி பிடிக்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. சளியைக் கொண்டுவருவது கிருமி. கலிபோர்னியாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், மின்விசிறி ஓடிய அறையில் தூங்கிய குழந்தைகளுக்குத் திடீர் சிசு மரண ஆபத்து 72 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரே ஆய்வை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விசிறியைப் போடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்ல அது போதும். காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி. ஏசி இருக்கும் வீட்டில் 25, 26 டிகிரி போதுமானது. அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி வெறும் அனலைத்தான் வாரி இறைக்கும். அப்போது பக்கத்து வீட்டுத் தரைத்தளத்துக்கோ மர நிழலுக்கோ குழந்தையைக் கொண்டுபோக வேண்டும்.

வெளியே கிளம்பும்போது மூடி எடுத்துச் செல்லும் பழக்கம் அடுத்தது. வெளிநாட்டில் தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துகிறார்கள். நம் ஊரில் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்த தாய், மடியிலிருக்கும் பிள்ளையின் தலையோடு சேர்த்துத் துண்டைச் சுற்றிவிடுகிறார். நோக்கம் ஒன்றுதான், வெயில் படக்கூடாது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஓலி ஜேயின் குழு தள்ளுவண்டிகளை வெயிலில் நிறுத்தி உள்ளே அளந்து பார்த்தது. முடிவு 2023-இல் வெளியானது. உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணியால் மூடியபோது உள்ளே வெப்பம் 2.6 டிகிரி கூடியது. தடித்த ஃபிளானல் துணியால் மூடியபோது 3.7 டிகிரி கூடியது. மஸ்லினை நனைத்துப் போட்டு, கூடவே சிறு மின்விசிறியை ஓடவிட்டபோது 4.7 டிகிரி குறைந்தது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். சேலத்து வறண்ட காற்றில் ஈரத்துணி வேகமாகக் காயும், நன்றாகக் குளிரும். சென்னையின் கடற்கரைப் புழுக்கத்தில் ஈரம் காய மறுக்கும், பலனும் குறையும். ஈரத்துணி முகத்தில் ஒட்டாமல் பார்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் மறுபடி நனைக்க வேண்டும். குடைதான் இன்னும் நல்லது. நிழல் தரும், காற்றையும் தடுக்காது. பகல் 11 மணி முதல் 4 மணி வரை பயணத்தையே தவிர்க்க முடிந்தால் எல்லாவற்றையும்விட நல்லது. தடுப்பூசிக்குப் போவதென்றால் காலை முதல் ஆளாகப் போகலாம்.

காரைப் பற்றி ஒரே வார்த்தை: குழந்தையை உள்ளே ஒரு நிமிடத்துக்குக்கூட விட்டுவிட்டு இறங்கக் கூடாது. வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்த நாளில்கூட, வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 47 டிகிரியைத் தொட்டதை 2005-இல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பயனில்லை.

இனி தண்ணீர். வெயில் நாளில் சங்கில் தண்ணீர் புகட்டாத தெரு இல்லை என்றே சொல்லலாம். சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், தேன், கிரைப் வாட்டர், சில ஊர்களில் கழுதைப்பால் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்பதும், வெயிலானாலும் தண்ணீர் வேண்டாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது ஐரோப்பாவின் குளிரில் உட்கார்ந்து எழுதியதல்ல. வெப்பமும் வறட்சியும் சேர்ந்த இடத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைச் சோதித்து, தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்று காட்டிய ஆய்வு 1990-இல் இந்தியாவிலிருந்தே வெளியானது. தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். சங்குத் தண்ணீர் சிறு வயிற்றை நிரப்பிவிடும். பால் குடிப்பது குறையும். பால் குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். அளவு மீறினால் இரத்தத்தின் உப்பு நீர்த்து வலிப்பே வரலாம். பாலில் தண்ணீர் கலந்து நீட்டுவதற்கும் இதே ஆபத்து உண்டு.

கோடையில் பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாள், நான்காம் நாள் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்கு ஓடுவது அடிக்கடி நடக்கிறது. பல நேரங்களில் பால் போதாமல் உடல் வறண்டு, அறையின் சூடும் சேர்ந்து வரும் காய்ச்சல் அது. அதன் வேர் பல வீடுகளில் தாயின் தட்டில் இருக்கிறது. ‘பச்ச உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு போடும்’ என்று பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நன்றாகப் பால் கொடுக்கும் தாயின் உடம்பிலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக முக்கால் லிட்டர் போகிறது. மே மாதத்தில் வியர்வையாகப் போவது அதற்கும் மேலே. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் அவள் கையருகே ஒரு சொம்பு தண்ணீர் இருக்க வேண்டும். மோர், கேப்பைக் கூழ், இளநீர் எது கிடைத்தாலும் நல்லது. இதைப் பார்த்துக்கொள்வது கணவனின் வேலை. மாமியாரிடம் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அதுவும் அவன் வேலைதான். கேட்கும்போதெல்லாம், இரவிலும், பால் கொடுக்க வேண்டும். முதல் வாரம் கழிந்த குழந்தை ஒரு நாளில் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் கழித்தால் அதற்கு நீர் போதுகிறது.

வெயிலைத் தவிர்க்கச் சொல்லும்போது, ‘மஞ்சள் காமாலைக்கு இளவெயில் காட்டச் சொன்னார்களே’ என்று ஒரு குரல் எப்போதும் எழும். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் அருமையான வரலாறு இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தலைமைச் செவிலியர், நல்ல வெயில் நாட்களில் குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுவருவார். ஒரு நாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கி மருத்துவர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. துணியின் முனை மூடியிருந்த முக்கோண வடிவ இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே நின்றது. அதே மருத்துவமனையின் ரிச்சர்ட் கிரீமரும் நண்பர்களும் அந்த நூலைப் பிடித்துக்கொண்டுபோய், 1958-இல் விளக்கொளிச் சிகிச்சையை உலகுக்குத் தந்தார்கள். இன்று அரசு மருத்துவமனைகளில் நீல விளக்கின் கீழ் கிடக்கும் ஒவ்வொரு சிசுவும் அந்தச் செவிலியரின் கூர்ந்த கண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறது.

வேலை செய்வது நீல ஒளி. வெயிலில் அதோடு புறஊதாக் கதிரும் வெப்பமும் கூடவே வருகின்றன. இங்கிலாந்தின் முற்றத்து வெயில் வேறு, மதுரையின் காலை எட்டரை மணி வெயில் வேறு. நைஜீரியாவின் லாகோஸில் விளக்குகளுக்கு மின்சாரம் கிட்டாத நிலையில், புறஊதாவையும் வெப்பத்தையும் வடிகட்டும் தாளைக் கூரையாகக் கட்டி, அதன் கீழ் செவிலியர் மேற்பார்வையில் சிசுக்களைக் கிடத்தினார்கள். அது வேலை செய்தது என்று 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள். வெயிலைக்கூட அவர்கள் அவ்வளவு கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்தினார்கள். குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் மாடிப்படியில் காட்டிக் காலம் கடத்தாமல் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். வைட்டமின் டி-க்காக என்றால், நாளொன்றுக்கு 400 அலகு சொட்டுமருந்தை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். வெயில் கிரீம் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பொதுவாக வேண்டாம். நிழலும் தளர்ந்த பருத்தித் துணியும் விளிம்பு வைத்த தொப்பியும் போதும்.

வேர்க்குரு வந்தால் பவுடரைக் கொட்டுகிறார்கள். அடைபட்ட வியர்வைத் துளையை அது மேலும் அடைக்கும். பறக்கும் தூள் நுரையீரலுக்கும் கேடு. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, மடிப்புகளை ஒற்றியெடுத்து, காற்றாட விட்டாலே அது ஆறும். புழுங்கும் அறையில் சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் வீட்டுக்குள் செய்யக்கூடியவை. ஆனால் பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் ஏற்றிவிட்டு மேடையிறங்க மனம் வரவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டின் கீழே ஒரே அறையில் வாழும் குடும்பத்திடம் ‘குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்’ என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? அந்தக் கூரைக்கு வெள்ளை அடித்தால் உள்ளே சூடு குறைகிறது. அகமதாபாத்தில் 2017-இல் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதைத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவருக்கு நிவாரணம் என்பதோடு அது நிற்கக் கூடாது. அங்கன்வாடிக் கூரை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடம், பிரசவ வார்டு இருக்கும் தளம் ஆகியவையும் அந்தக் கணக்கில் வர வேண்டும். கிராமசபையில் எழுந்து கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் குழுவினரும் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து இரு மடங்காக இருந்தது. செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்யும் கர்ப்பிணிக்கு நிழலும் தண்ணீரும் மதிய ஓய்வும் கழிப்பறையும் சலுகை அல்ல. கழிப்பறை இல்லாததாலேயே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக, எப்போது ஓட வேண்டும் என்பது. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, உச்சிக்குழி உள்வாங்கியிருப்பது, நாக்கு வறண்டிருப்பது, வேகமான மூச்சு, வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால், வெறும் சூடுதான் என்று தோன்றினாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். கிருமித் தொற்றும் இதே முகத்தோடு வரும். பிரித்தறிவது வீட்டில் நடக்கிற காரியமல்ல. மருந்துக் கடையில் சொட்டுமருந்து வாங்கி ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குழந்தையை நிழலுக்குக் கொண்டுவந்து துணியைக் கழற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களை ஒற்றி விசிற வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது. விழித்திருந்து குடிக்க முடிந்தால் பால் கொடுக்கலாம். வண்டியில் ஏறும்போது, வழியில் காற்றுப்படும் என்று மறுபடி போர்வையில் சுற்றிவிடாதீர்கள்.